லோ வோல்டேஜ் பாட்டு

எங்கள் ஊருக்கு நல்ல கரண்ட் வந்த அன்றைக்கு ஊரே லட்டு தின்றது. என் தம்பி சாலமோன் மட்டும் வாயில் வைக்கவில்லை. அவனுக்குத் தலைக்கனம் என்று சொன்னார்கள். சொல்லட்டும். உள்ளே நடந்தது தெரிந்தவர்கள் மொத்தம் நாலு பேர். அதில் மூன்று பேர் ஆம்பளைகள், அதைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். மிச்சம் இருப்பது நான். என் வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மாதா கோயிலுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரு கொட்டகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் நான் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பேன். சாவி என்னிடம் இருந்ததால் மற்ற நாள் சாயங்காலத்தில் அது தம்பியின் கொட்டகை ஆயிற்று. சாமியாரிடம் பாடற்பயிற்சி என்று சொல்லி வைத்திருந்தேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் தம்பியும் கூட்டாளிகளும் கோயில் பூசையில் வாசித்தவர்கள்தான். ஊரை விட்டு மாற்றலாகிப் போன ஒரு சாமியார் தன் கிதாரை விட்டுப் போயிருந்தார். சாலமோன் அதை எடுத்துத் தானாகவே கற்றுக்கொண்டான். சைக்கிள் கடை மைக்கேல்ராஜ் இன்னொரு பழைய கிதாரைத் தேடிப் பிடித்து, தடித்த கம்பி மாட்டி, அடிக்குரலுக்கு வைத்துக்கொண்டான். கோயில் திருவிழா பேண்டு செட்டில் கிடந்த டிரம்மை அடிக்க ஆள் வேண்டியிருந்தது. எங்கள் ஆட்களில் தாளம் நிற்கிற கை ஒருத்தனுக்கும் இல்லை. கடைசியில் மேலத் தெரு பாண்டுரங்கன் மகன் கோதண்டத்தைக் கூட்டி வந்தார்கள். நெற்றியில் விபூதியோடு அவன் அல்லேலூயாவுக்கு அடித்ததை மாதா ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கல்யாணம், திருவிழா என்று மெல்லிசைக் கச்சேரிக்குப் போனார்கள். அங்கே எடுபடவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஆர்கனும் பெண்குரலும் வைத்திருக்கிற கோஷ்டிகள் வந்தபோது இவர்களை யார் கூப்பிடுவார்கள்? ஒரு கல்யாணத்தில் பந்தி முடியும்வரை வாசித்தால் போதும் என்று சொல்லி, பந்தி ஆரம்பிக்கும்போதே நிறுத்தச் சொன்னார்கள். சாலமோன் அன்றைக்குச் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தான்.

அப்போது அவன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அப்ரன்டிஸ். பவர் பிரஸ் ஓடுகிற செக்‌ஷன். தகட்டை உள்ளே வைத்துக் கையை எடுக்க வேண்டும், மேலிருந்து இரும்பு இறங்கும், மறுபடி தகடு. நாள் பூராவும் அதுதான். அங்கே டிரெய்னியாக வந்த மெட்ராஸ் பையன் ஒருத்தன் வேலையை விட்டு அமெரிக்காவுக்குப் போகும்போது இவனிடம் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனான். மேலே பேர்கூட எழுதவில்லை. மெட்டல் என்கிற இங்கிலீஷ் பாட்டு என்று மட்டும் சொன்னானாம். மெட்டல் என்றால் தகடுதானே என்று மைக்கேல்ராஜ் கேட்டான்.

கொட்டகையில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. மெட்ராஸ் ரிச்சி தெருவில் யாரோ பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டினது. பேட்டரி போட இடமில்லை, கரண்டில் மட்டும் ஓடும். எங்கள் ஊர்க் கரண்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சாயங்காலம்தான் வயல் மோட்டார்களுக்கு லைன் விடுவார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பெல்லாம் பழுத்த மிளகாய் மாதிரி சிவந்து தொங்கும். ஃபேன் இறக்கையை எண்ணலாம். கோதண்டமும் அப்பாவின் மோட்டாரைப் போட்டுவிட்டுத்தான் டிரம் அடிக்க வருவான். வந்ததும் பல்பைப் பார்த்து இன்னா இப்படி அழுவுது என்று கேட்பான்.

அந்தக் கரண்டில்தான் அவர்கள் அந்தக் கேசட்டைக் கேட்டார்கள். நானும் வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். முதலில் பூமிக்கு அடியிலிருந்து ஏதோ புரண்டு வருகிற சத்தம். பிறகு ஒரு அடி. அடுத்த அடி எப்போது விழும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பாடுகிறவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து எருமை கூப்பிடுவதுபோல் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. சாலமோன் முகத்தைப் பார்த்தேன், பேயறைந்த மாதிரி இருந்தான்.

“அக்கா, இது எங்க பிரஸ்ஸுக்கா. அதே மாதிரி எறங்குது பாரு” என்றான்.

அன்றைக்குத் தொடங்கியது. கேசட்டோடு சேர வேண்டும் என்று கிதார்க் கம்பிகளைத் தளர்த்தினார்கள். கம்பி தொளதொளவென்று கட்டையில் அடித்தது. அந்தச் சத்தமும் நன்றாகத்தான் இருந்தது. கோயில் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் ஒன்று, திருவிழாவில் யாரோ உதைத்துக் காகிதம் கிழிந்து கிடந்தது. அதில் கிதாரைக் கொடுத்தால் உறுமியது. கோதண்டம் வேகமாக அடித்துப் பழகின கையைக் கட்டிப்போட்டு, அடிக்கு அடி மூச்சு விட்டு அடிக்கக் கற்றுக்கொண்டான். வேகமாக அடிப்பதைவிட அது கஷ்டம் என்பான். கோஷ்டிக்கு ஸ்க்ராப் என்று பேர் வைத்தார்கள். கம்பெனியில் வெட்டி மிஞ்சின தகட்டுக்கு அதுதான் பேர். டிரம்மின் முகத்தில் மைக்கேல்ராஜ் சைக்கிள் பெயின்டால் எழுதினான்.

கரண்ட் குறைந்ததால் டேப் மெதுவாக இழுக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சினிமாப் பாட்டு கேசட் போட்டால் பொம்பளை பாடுவது ஆம்பளைக் குரலில் வரும், நாங்களே விழுந்து விழுந்து சிரிப்போம். அந்தப் பாட்டெல்லாம் ரேடியோவில் கேட்டவை, அசல் எப்படி என்று தெரியும். இந்தப் பாட்டின் அசலை நாங்கள் எங்கே கண்டோம்? மெட்டல் என்றால் இப்படித்தான் போல என்று எடுத்துக்கொண்டோம். நாலு பேரில் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

சாலமோன் தமிழில் ஒரு பாட்டுக் கட்டினான்.

“கையை எடு, கையை எடு,
மேலே இருப்பது உன்னைப் பார்க்காது,
கையை எடு.”

அவ்வளவுதான் பல்லவி. அதை அவன் அடித்தொண்டையில், ஒவ்வொரு சொல்லாகக் கீழே வைப்பதுபோல் பாடுவான். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் முதல் தடவை கேட்டபோது யார் வூட்ல சாவு என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கோயில் திருவிழாவில் ஒரே ஒரு பாட்டு என்று கெஞ்சி மேடை ஏறினார்கள். மைக் செட் கெட்டுவிட்டது என்று நினைத்துச் சாமியார் ஸ்விட்சை அணைத்தார். ஆனால் மேலத் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றினபோது கோதண்டம் சொல்லி வாசிக்க விட்டார்கள். மூன்றாவது “கையை எடு”வில், கூழ் வாங்க வந்து நின்ற பாஞ்சாலிக்குச் சாமி வந்துவிட்டது. உடுக்கைக்காரனே கையை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தான். அவர்கள் வாசித்ததில் ஏதோ இருந்தது என்று நான் சொன்னால் அக்கா என்பதால் சொல்கிறேன் என்பீர்கள். பாஞ்சாலி அவனுக்கு அக்கா இல்லையே.

கம்பி வாங்க பிராட்வே போனபோது கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸைச் சாலமோன் பார்த்தான். மெட்ராஸில் ஒரு காலேஜில் இந்த மாதிரிக் கோஷ்டிகளுக்குப் போட்டி. யார் வேண்டுமானாலும் சொந்தப் பாட்டைக் கேசட்டில் அனுப்பலாம். தேறினால் மேடை. ஜெயித்தால் ஒரு ரெக்கார்டிங் கம்பெனியில் பதிந்து கேசட்டாக வெளியிடுவார்கள். அன்றைக்கே சாயங்காலம், கோதண்டம் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்ததும், அதே டேப் ரெக்கார்டரில் பாட்டைப் பதிந்தார்கள். பாட்டு முடிகிற இடத்தில் கோயிலில் ஆறு மணி ஜெப மணி அடித்தது. மைக்கேல்ராஜ் திரும்பப் பதியலாம் என்றான். சாலமோன் வேண்டாம், மணி நல்லா விழுந்திருக்கு என்றான். போட்டுக் கேட்டோம். எங்கள் பாட்டு எப்படியோ அப்படியே இருந்தது. மணி கணீரென்று முடித்துவைத்தது.

தேறிவிட்டார்கள். கார்டு வந்தது. அப்பா பிடுங்கிப் பார்த்தார். எங்கள் அப்பா ஜெபமணி கொத்தனார், நாலு சுவர் எழுப்பினால்தான் அது வேலை என்று நினைக்கிறவர். கார்டில் போட்டிருந்த சனிக்கிழமையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதே சனிக்கிழமைதான் கம்பெனியில் அப்ரன்டிஸ்களைப் பெர்மனென்ட் ஆக்க மெடிக்கல். வராதவனுக்கு வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சுப்பிரமணி முன்னாலேயே சொல்லியிருந்தார். அது மட்டும் இல்லை. தண்டலத்தில் எனக்கு ஒரு இடம் பேசி வைத்திருந்தார்கள். பையன் பெர்மனென்ட் ஆகட்டும், கோயிலில் கல்யாண ஓலை எழுதலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். ஆக, என் கழுத்தும் அதே சனிக்கிழமையில் மாட்டிக்கொண்டது.

சாலமோன் சுப்பிரமணியிடம் போய் வேறு நாள் கேட்டான். உனக்கு ஒருத்தனுக்காக டாக்டரைத் திரும்பக் கூப்பிடவா என்று அவர் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டான்.

“நீ சொல்லுக்கா. நீ போவாதன்னா போவல.”

அவன் கேட்டது பாசாங்கு இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். ஆனால் அந்தப் பிரஸ்ஸின் முன்னால் இன்னும் முப்பது வருஷம் அவன் கையை வைத்து எடுத்துக்கொண்டிருப்பதை நினைத்தேன். போடா, நானும் வரேன் என்றேன். அப்பா அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேரோடும் பேசவில்லை.

பஸ் கூரையில் டிரம்மைக் கட்டி, மடியில் கிழிந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு போனோம். செம்பரம்பாக்கம் ஏரி தாண்டும்போது கோதண்டம் ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். காலேஜ் வாசலில் ஸ்க்ராப் என்று சொன்னதும் ஓடி வந்து கையைக் குலுக்கினார்கள். எங்கள் கேசட்டைக் கேட்டு எல்லாரும் அசந்துவிட்டார்களாம், இவ்வளவு வேகம் இந்த ஊரில் யாரும் வாசித்ததில்லையாம். வேகமா என்று கோதண்டம் என்னைப் பார்த்தான். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்தேன். கடைசி ஆட்டமாக எங்களை வைத்திருந்தார்கள். அதுவும் பெரிய மரியாதைதான். எங்களுக்கு முன்னால் வாசித்தவர்கள் எல்லாரும் கண்ணுமண்ணு தெரியாமல் ஓடினார்கள். பாவம், இவர்களுக்குச் சரியாக வரவில்லை என்று மைக்கேல்ராஜ் என் காதில் சொன்னான். சத்தியமாக அப்படித்தான் சொன்னான்.

பிறகு ஸ்க்ராப் மேடை ஏறியது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. கோதண்டம் முதல் அடியை வைத்தான். அடுத்த அடிக்கு மூச்சு விட்டான். கிதார் உறுமியது. சாலமோன் அடித்தொண்டையில் கையை எடு என்றான். அவன் அவ்வளவு நன்றாக அதற்கு முன்னால் பாடினதே இல்லை. கூட்டம் கொஞ்ச நேரம் காத்திருந்தது. இது ஆரம்பம், இனிமேல்தான் ஓடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஓடவில்லை என்று தெரிந்ததும் ஒருத்தன் கொட்டாவி விட்டான். இன்னொருத்தன் தள்ளுங்கடா, ஸ்டார்ட் ஆவட்டும் என்றான். அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. அடிக்கு அடி கைதட்டிக் கிண்டல் செய்தார்கள். என் தம்பி கண்ணை மூடிக்கொண்டு பாட்டை முழுசாக முடித்தான்.

கீழே இறங்கினதும் தலைமுடி வளர்த்த ஒரு பையன் எங்களை ஒரு அறைக்குள் கூட்டிப் போனான். அவன்தான் கேசட்டுகளைத் தேர்ந்தெடுத்தவன். கோபத்தில் கதவை ஓங்கிச் சாத்தினான். மேசையில் ஒரு பெரிய செட் இருந்தது. எங்கள் கேசட்டைப் போட்டான். ட்யூப்லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

பாட்டு வந்தது. கிதார் குதிரை மாதிரி ஓடியது. டிரம் இடைவெளி இல்லாமல் பொரிந்தது. மேல்தொண்டையில் ஒருத்தன் கீச்சென்று கத்தினான். இப்போது மேடையில் வாசித்துவிட்டுப் போனார்களே, அந்தக் கோஷ்டிகள் மாதிரியே, அவர்களைவிட நன்றாக. சொற்கள் ஓடுகிற ஓட்டத்தில் பிடிபடவில்லை.

“இது நீங்களா?” என்று அந்தப் பையன் கேட்டான்.

சாலமோன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். பொய் சொல்லத் தெரியாதவன்.

“இல்ல. இது நாங்க இல்ல” என்றான்.

அவன் சொல்லி வாயை மூடவில்லை, பாட்டு முடிந்தது. கடைசியில் சைக்கிள் பெல் அடித்தது. கிணிங் கிணிங் கிணிங். நிறுத்தி, மறுபடி கிணிங் கிணிங் கிணிங். மூன்று மூன்றாக விட்டு விட்டு எங்கள் ஊர்க் கோயிலில் ஜெப மணி அடிப்பதைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். அது எங்க மணி, அது எங்க கோயில் மணி என்று கத்தினேன். அடுத்தவன் பாட்டைத் திருடி அனுப்பினதும் இல்லாமல் இப்போது கதை வேறா என்று அந்தப் பையன் கேட்டான். எங்கள் ஊர்க் கரண்ட், மோட்டார், மெதுவாக ஓடுகிற டேப்பில் பதிந்தது நல்ல கரண்டில் இப்படி ஓடும் என்று நான் கோர்வை இல்லாமல் என்னென்னவோ சொன்னேன். அவன் கேசட்டை எடுத்து என் கையில் திணித்தான். இனிமேல் எந்தக் காலேஜ் வாசலிலும் இந்தப் பேரைப் பார்க்கக்கூடாது என்று கதவைத் திறந்து விட்டான்.

பஸ் பூந்தமல்லி தாண்டியது. கோதண்டம், எங்கப்பன் மோட்டாராலதான் என்று சொல்லி அழ ஆரம்பித்தான். எல்லார் வூட்டு மோட்டாரும்தான்டா என்று சாலமோன் அவன் தோளில் கை போட்டான். எனக்கு அப்போது பொங்கி வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. நெல்லுக்குத் தண்ணீர் இறைத்தவன் மேல் கோபப்பட முடியுமா?

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் வாட்ச்மேன் அவனை உள்ளே விடவில்லை. தண்டலத்து மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அதற்காக நான் அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் தம்பி பார்க்க அழவில்லை.

அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் கொட்டகையில் வாசித்தார்கள். வேகமாக வாசிக்கப் பார்த்தார்கள். கோதண்டத்தின் கை பழசை மறக்கவில்லை, ஓடியது. சாலமோனின் குரல் மேலே ஏறவில்லை. மெதுவாக வாசித்தால் மெட்ராஸ் சிரிப்பு காதில் கேட்டது. ஒருநாள் மைக்கேல்ராஜ் வரவில்லை, பம்பாய்க்குப் போய்விட்டான். ரோட்டோரம் புதிய கம்பெனிக்கு என்று பாண்டுரங்கன் நிலத்தை வாங்கினார்கள். கோதண்டம் மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு அதே கம்பெனிக்குக் காவலாளியாகப் போனான். என் தம்பி அங்கேயே கான்ட்ராக்டில் லோடிங். தகட்டை லாரியிலிருந்து இறக்குவது, ஸ்க்ராப்பை ஏற்றுவது. கிதாரை யாருக்குக் கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கம்பெனிக்காக சப்ஸ்டேஷன் வந்தது. அதிலிருந்து ஒரு லைன் எங்கள் ஊருக்கும் விட்டார்கள். பல்பெல்லாம் வெள்ளையாக எரிந்தது. அதற்குத்தான் லட்டு. அப்பாகூட ரொம்ப நாளைக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்து, இப்பத்தான் உன் மூஞ்சியே தெரியுது என்றார்.

அன்று சாயங்காலம் கொட்டகையைத் திறந்து டேப் ரெக்கார்டரைத் துடைத்தேன். ஷிப்ட் முடிந்து வந்த சாலமோன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவனைக் கேட்காமலே எங்கள் பாட்டுக் கேசட்டைப் போட்டேன். இந்தச் செட்டில், இந்தக் கொட்டகையில், இதே சாயங்காலத்தில் பதிந்தது. இங்கேயாவது வரும் என்று ஏதோ முட்டாள் நம்பிக்கை. குதிரை ஓடியது. கீச்சுக்குரல் கத்தியது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்து, அணில் பாடுது, அணில் பாடுது என்று குதித்தார்கள்.

சாலமோன் எழுந்து வந்தான். மூடியைத் திறந்து, சுற்றுகிற சக்கரத்தின் மேல் கட்டை விரலை மெல்ல வைத்தான். குரல் இறங்கியது. இறங்கி, இறங்கி, ஒரு சொல் மட்டும், ஒரே ஒரு “எடு”, அவனுடைய அடித்தொண்டையில் வந்தது. என் தம்பியின் குரல். எனக்குக் கண்ணீர் கொட்டியது. விரல் கொஞ்சம் அழுந்தியது, பாட்டு நின்றது. விரலை எடுத்தான், மறுபடி அணில். திரும்ப வைத்தான், எடுத்தான். லோடு தூக்கிக் காய்த்துப்போன விரல், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதற்கே தெரியவில்லை. நாலாவது தடவை டேப் சுருண்டு உள்ளே சிக்கிக்கொண்டது. சிக்கெடுக்க நான் கையை நீட்டினேன்.

“விடுக்கா” என்றான். “அது நாங்க இல்ல.”

வெளியே கோயிலில் ஆறு மணி அடித்தது. அவன் பல்பை அணைத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுத்தான்.